மூன்று புள்ளி வைத்த கிளாம்ப்

படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவர்களின் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். ‘மாமா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க’ என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் கடையில் இப்போது மோட்டாரின் தலையில் ஒரு வயரைச் செருகினால் போதும், எங்கே கோளாறு என்று திரையில் எழுத்து வந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலம் போல வருமா என்று நான் ஆரம்பிப்பேன் என்று நினைத்திருக்கலாம். நல்லதாகப் போயிற்று என்றுதான் சொன்னேன். அந்த வயர் என் காலத்தில் இருந்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் மோட்டார்கள்தான் எங்கள் பிழைப்பு. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற பழைய ரகம். ஓய்வு பெற்ற பிறகும் என் கையில் மண்ணெண்ணெய் வாசனை போகவில்லை என்பாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லக் கைகூப்பும்போது பக்கத்தில் நிற்பவர் லேசாக மூக்கைச் சுளிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. முடித்தேன், சேர்ந்தேன், முதல் சில வருடம் அடுத்தவர் கழற்றிப் போட்டதைக் கழுவினேன். அவ்வளவுதான். சொல்ல வேண்டியது எங்கள் போர்மேன் தணிகாசலம் சாரைப் பற்றி.

அவர் கடற்கரைக்காரர் இல்லை. விருத்தாசலம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். நீச்சல் தெரியாது. எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட அவர் படகில் ஏறியதில்லை. மீனவர்கள் கேலி செய்வார்கள், ‘சார், ஒரு ரவுண்டு வந்து மோட்டார் சத்தத்தக் கேளுங்க’ என்று. ‘டிரம்முல ஓடுனா கடல்லயும் ஓடும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வாசலில் தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம் ஒன்று இருந்தது. எந்த மோட்டாரையும் அதில் இறக்கி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம்.

ஓடாத மோட்டார் வந்தால் முதல் வேலையாக அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அவரிடம் அது நடக்காது. முதலில் பிளக்கைக் கழற்றச் சொல்வார். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விடச் சொல்வார். பிறகு மேல்மூடியை எடுத்துவிட்டு பிளைவீல் என்கிற சுழல் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மிக மெதுவாகத் திருப்புவார். எங்கே இறுகுகிறது, எங்கே உரசுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. மோட்டார்க்காரர் ‘சரியாயிடுமா சார்?’ என்று கேட்டால் ‘பாக்கலாம்’ என்பார். எப்படிப்பட்ட மோட்டாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான். முடியும் என்றும் சொன்னதில்லை, முடியாது என்றும் சொன்னதில்லை.

திட்ட மாட்டார். ஒரு தடவை நான் போல்ட்டை அவசரமாக முறுக்கி உடைத்துவிட்டேன். ‘டீ குடிச்சிட்டு வா’ என்றார். திரும்பி வந்தபோது உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்கிற கருவியை என் இடத்தில் வைத்திருந்தார். அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, ரிப்பேர் முடிந்து முதல் தடவை கயிற்றை மோட்டாரின் சொந்தக்காரர்தான் இழுக்க வேண்டும். நாங்கள் தொடக்கூடாது. இன்னொன்று, அவர் தன் கையால் பற்றவைத்தோ ஒட்டவைத்தோ சரிசெய்த எந்தப் பாகத்திலும் ‘பஞ்ச்’ என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி வரிசையாக மூன்று புள்ளி வைப்பார். பெயிண்ட் அடித்தால் அது மறைந்துவிடும். ஆனாலும் வைப்பார். பேருக்காக வைக்கிறார் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன்.

அது எதற்கு என்று ஒரு மத்தியானம் தெரிந்தது. தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் நின்றுபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நாலைந்து பேர் தங்கள் வேலைக்காகக் காத்திருந்தார்கள். சார் பிரித்தார், ஒரு பாகத்தைத் துடைத்தார், வெளிச்சத்தில் காட்டினார். ‘மூணு புள்ளி இருக்கு பாரு. இது என் தப்பு’ என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் செய்து கொடுத்தார். அந்த ஆள்தான் கூச்சப்பட்டுப்போய், ‘பரவால்ல சார், பரவால்ல சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் தப்பு திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும், அதற்காக வைத்த புள்ளி அது.

இனி கிள்ளை என்ற ஊர்ப் பக்கமிருந்து வர வேண்டியிருந்த ஒரு மோட்டாருக்கு வருகிறேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையைத் தாண்டி ஒரு குப்பம். அங்கே ஏழுமலை, முருகையன் என்று அண்ணன் தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய மோட்டாரை எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும், ஒருநாள் போனில் தகவல் வந்தது, மோட்டார் முகத்துவாரத்தில் கழன்று விழுந்துவிட்டது, முங்கி எடுத்துவிட்டார்கள் என்று. கடலில் விழுந்த மோட்டாரை எல்லாரும் வெயிலில் வைத்துக் காயவைப்பார்கள். அது பெரிய தப்பு. உப்போடு காற்றுப் பட்டால் உள்ளே அரித்துவிடும். ‘வெயில்ல காட்டாத, நல்ல தண்ணில அமுக்கி வச்சி அப்படியே எடுத்தா’ என்று சார் போனில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேஜையில் ஓர் ஓரத்தைக் காலி செய்து வைத்தார். மோட்டார் வரவே இல்லை. கொஞ்ச நாளைக்கு, ‘கிள்ளை மோட்டார் வந்துச்சா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு விட்டுவிட்டார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், இறந்தும் போனார். மாலை வாங்கிக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸில் போனவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் ஏழுமலையின் மகள் செல்வி எனக்குப் போன் செய்தாள். சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ‘மாமா, அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை, கால் விழுந்துடிச்சி. பேச்சும் சரியா வரல. பழைய மோட்டார ஓட வச்சிக் குடுத்தா சித்தப்பாவக் கல்யாணத்துக்குக் கூப்புடலாம்னு சொல்றாரு. நீங்க வந்தாதான் ஆவும்’ என்றாள்.

மோட்டாருக்கும் சித்தப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்போதுதான் விவரம் தெரிந்தது. அன்று மோட்டாரைப் படகில் மாட்டியவர் தம்பி முருகையன். திருகைச் சரியாக முடுக்காமல் விட்டான், அது ஆடி ஆடி, பின்பலகையைக் கவ்வுகிற கிளாம்ப் உடைந்து மோட்டார் விழுந்தது என்று அண்ணன் சொன்னார். முடுக்கினேன் என்று தம்பி சொன்னார். அவன் தப்பை ஒத்துக்கொள்ளட்டும், பிறகு ரிப்பேருக்குக் கொண்டுபோகலாம் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்துவிட்டார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. படகை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். செல்வியின் அம்மா இறந்தபோதுகூட முருகையன் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

எனக்குப் போக மனமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெண் சித்தப்பா மடியில் வளர்ந்தவள். தாலி கட்டும் நேரத்தில் அவர் தெருமுனையில் நிற்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். கருவிப் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஏறி, செம்மங்குப்பம் வருவதற்குள் நின்றபடியே தூங்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கும் கண் சொருகியது.

ஏழுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் கொல்லைப்புறத்தைக் காட்டினார். அங்கே ஒரு டிரம், மேலே பலகை, பலகை மேல் கல். திறந்து பார்த்தேன். வாய்வரை கறுப்பாகப் பழைய இன்ஜின் ஆயில். அதற்குள் மோட்டார் முழுகிக் கிடந்தது. முதலில் சார் சொன்னபடி நல்ல தண்ணீரில் வைத்திருக்கிறார். பிறகு நாளாகிறதே என்று தண்ணீரை இறைத்துவிட்டு ஆயிலை வாங்கி ஊற்றியிருக்கிறார். ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். கோபத்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

‘பாதுகாப்புக் கயிறு கட்டலையா அன்னைக்கு?’ என்று கேட்டேன். கிளாம்ப் விட்டுப்போனாலும் மோட்டார் கடலுக்குள் போகாமல் இருக்க, அதைப் படகோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு அது. கட்டாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஏழுமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு வராததால் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து மோட்டாரைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார்கள். ஆயில் வடிய ஒரு பகல் ஆயிற்று. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு ஊறவைத்தேன். மறுநாள் பிளைவீல் மேல் உள்ளங்கையை வைத்தேன். அசையவில்லை. இன்னும் ஊறவிட்டேன். சிலிண்டரின் தலையைக் கழற்றி, மரக்கட்டையை வைத்து பிஸ்டன் மேல் லேசாகத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எப்போதோ ஒரு தட்டலில் இம்மியளவு நகர்ந்தது. அப்புறம் கையோடு வந்தது. உள்ளே துரு அதிகமில்லை. ஆயில் அதன் வேலையைச் செய்திருந்தது.

மீதி எல்லாம் பொறுமை வேலை. ஒட்டிப்போன ரிங்கை எடுத்தேன். கார்பரேட்டர் துளையைச் செம்புக் கம்பி இழையால் குத்திச் சுத்தம் செய்தேன். இரும்புக் கம்பி போட்டால் துளை பெரிதாகிவிடும். தீப்பொறி தருகிற பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். கண்டென்சரை சிதம்பரத்தில் ஒரு கடையில் தேடிப் பிடித்தேன். ரப்பர் பாகம் எல்லாம் ஆயிலில் ஊறி உப்பிப் போயிருந்தது, தண்ணீர் இழுக்கிற இம்பெல்லர் உட்பட. அதையெல்லாம் மாற்றினேன். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. செல்வி ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.

கிளாம்ப்பைக் கடைசியாகத்தான் எடுத்தேன். மோட்டாரைப் படகின் பின்பலகையில் கவ்விப் பிடிக்கிற இரண்டு அலுமினியக் கைகள் அதில் உண்டு. கைக்கு ஒரு திருகு. இடது கை வளைவில் உடைந்திருந்தது. வலது கையில் திருகு வளைந்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. தளர்வாக இருக்கிற திருகு நழுவும், வளையாது. வளைந்திருக்கிறது என்றால் அது இறுகப் பிடித்திருந்திருக்கிறது. முருகையன் முடுக்கித்தான் இருக்கிறார்.

கிளாம்ப் உடைந்த இடத்தைத் துடைத்தேன். பாதி கறுத்து மங்கியிருந்தது, பாதி இன்னும் பளபளவென்று இருந்தது. ஒரே அடியாக உடைந்திருந்தால் முழுவதும் பளபளக்க வேண்டும். உள்ளே ரொம்ப நாளாக விரிசல் இருந்து, மிச்சம் மட்டும் அன்று போயிருக்கிறது. அந்த இடத்தில் பழைய பற்றவைப்பு தெரிந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பெயிண்ட்டைச் சுரண்டினேன். வரிசையாக மூன்று புள்ளிகள்.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, செத்துப்போன மனுஷர் மேல். ஏன் சார் இப்படிப் புள்ளி வைத்தீர்கள்? வைக்காமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு வேறு கிளாம்ப்பை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பஸ் ஏறியிருப்பேன். திருகு தளரவில்லை, அலுமினியம் பழசு, விதி என்று சொல்லியிருப்பேன். கல்யாணமும் நடந்திருக்கும், அவர் பேரும் அப்படியே இருந்திருக்கும். இப்போதும் அப்படிச் செய்யலாம்தான். பார்த்தது நான் ஒருவன் மட்டும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்றும் தோன்றியது. அண்ணன் பிடிவாதம் பிடிக்காமல் மறுநாளே மோட்டாரைக் கொண்டுவந்திருந்தால், சார் இதே இடத்தைச் சுரண்டியிருப்பார். வாசலில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் ‘இது என் தப்பு’ என்று சொல்லியிருப்பார். தம்பி மேல் ஒரு சொல் வந்திருக்காது. மேஜையில் இடம்கூட ஒதுக்கி வைத்துக் காத்திருந்தாரே. அவர் சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் ஆயிலுக்குள் கிடந்திருக்கிறது. அதை நான் எடுத்துச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதுநகரில் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் அதே ரக மோட்டாரின் கிளாம்ப் ஒன்று கிடைத்தது. அதை மாட்டி, வாசலில் வேறொரு டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி, விளிம்பில் பலகை கட்டி மோட்டாரை இறக்கினேன். ஏழுமலையிடம் சொன்னேன், ‘எங்க ஒர்க்‌ஷாப்புல சொந்தக்காரங்கதான் மொதக் கயிறு இழுக்கணும். உங்களால ஆவாது. இன்னொரு சொந்தக்காரரு இருக்காரு இல்ல, வரச்சொல்லுங்க.’

ஓடின பிறகுதானே கூப்பிடுவதாகப் பேச்சு என்பதுபோல என்னை முறைத்தார். நான் கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். தணிகாசலம் சாரிடம் கற்றது அது, பேசாமல் இருந்தே காரியத்தை நடத்துவது. கடைசியில் செல்வியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் செருப்புப் போடாமல் ஓடினாள்.

முருகையன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடைந்த பழைய கிளாம்ப்பை ஏழுமலையின் மடியில் வைத்தேன். வளைந்த திருகைக் காட்டினேன், கறுத்த பாதியைக் காட்டினேன், மூன்று புள்ளியைக் காட்டினேன். ‘உங்க தம்பி முடுக்கிதான் இருக்காரு. இது எங்க சார் பத்தவச்ச எடம். தப்பு எங்களுது. அவரு இருந்திருந்தா அவரே சொல்லியிருப்பாரு’ என்றேன். 

ஏழுமலை இடது கைக் கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏழுமலை வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

‘கயிறு... நாந்தான் அவுத்தேன். நங்கூரத்துக்குப் பத்தலன்னு... நாந்தான்.’

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. கிளாம்ப் யார் தப்பால் உடைந்திருந்தாலும், அந்தக் கயிறு இருந்திருந்தால் மோட்டார் கடலுக்குள் போயிருக்காது. அதை அவிழ்த்தது இவர். இத்தனை வருடமும் தம்பியின் திருகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது இதை மறைக்கத்தான்.

முருகையன் அப்போதுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

‘தெரியும்ணா’ என்றார். ‘நீ அவுக்கும்போது பாத்துக்கிட்டுதான இருந்தேன்.’

தெரிந்தும் ஏன் இத்தனை காலம் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். அது என் வேலை இல்லை. ஏழுமலை அழுதார். வாதம் வந்த முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் அசைந்தது. செல்வி துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

முருகையன் வீட்டுக்குள் போனார். உள்ளே போய் எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும் எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நைலான் கயிற்றோடு வந்தார். மோட்டாரின் கழுத்தில் சுற்றி, டிரம்மின் வளையத்தில் கொண்டுவந்து கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். டிரம்மில் நிற்கிற மோட்டாருக்கு எதற்குப் பாதுகாப்புக் கயிறு என்று யாரும் கேட்கவில்லை.

‘இழு’ என்றார் ஏழுமலை.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒரு இருமல். நான் காற்றை அடைக்கிற சோக்கைக் கொஞ்சம் மாற்றிவைத்தேன். இன்னொரு முறை இழுத்தார், பிடித்துக்கொண்டது. உள்ளே ஊறியிருந்த ஆயிலெல்லாம் வெள்ளைப் புகையாக வந்து தெருவையே மறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். புகை கொஞ்சம் விலகியபோது முருகையன் அண்ணனின் நாற்காலியை டிரம்மை ஒட்டி நகர்த்திப் போட்டிருந்தார். ஏழுமலை இடது உள்ளங்கையை மோட்டார் மூடி மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டவில்லை. நானும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரம்மில் இருந்த தண்ணீர் சூடாகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது.